பையனுக்குப் பதினெட்டு முடிகிறது, டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா?

அரசலாற்றங்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு ஊர் குடவாசல் பக்கம். பையனுக்கு அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது, கும்பகோணத்தில் காலேஜ் படிக்கிறான். இதுவரை டவுன் பஸ்தான். காலையில் அந்த ஒரு பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போச்சு, அதனால் பைக் வேண்டும் என்று வீட்டில் தினம் ஒரு பஞ்சாயத்து. அவன் அம்மா முடியவே முடியாது என்கிறார், இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

வாங்கித் தருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கேள்வி, ஓட்டக் கற்றுக்கொள்வது பற்றி. ஒரு டிரைவிங் ஸ்கூலில் விசாரித்தேன். காருக்கும் பைக்குக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார்கள். எல்.எல்.ஆர் நாங்களே போட்டுக்கொடுத்துவிடுவோம், காருக்குப் பத்து நாள் வந்தால் போதும், பைக்குக்கு வரவே வேண்டாம், டெஸ்டுக்கு முதல் நாள் வந்து எட்டு போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். "ரோட்டில் ஓட்டச் சொல்லித் தர மாட்டீர்களா?" என்று கேட்டேன். "பைக் ஓட்டத் தெரியாத பையன் எங்க சார் இருக்கான்" என்று சிரித்துவிட்டார்.

எங்கள் ரோடு எப்படி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் வயல், நடுவில் ஒன்றரை வண்டி போகிற அகலத்துக்குத் தார். விளக்கு கிடையாது. தை, மாசி வந்தால் பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் கதிர் அறுக்கிற மெஷின் வரும். இந்த ரோட்டில் ஓட்ட ஒரு பையனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை யார் சொல்லித் தருவார்கள்? டிரைவிங் ஸ்கூல் என்பது லைசென்ஸ் வாங்குகிற வழி மட்டும்தானா, இல்லை கேட்டு வாங்கினால் அங்கேயே கிடைக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். "தலையெழுத்துப்படிதான் நடக்கும்" என்கிற பதில் மட்டும் வேண்டாம், அதை என் அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

---

தஞ்சை இன்ஸ்ட்ரக்டர்

சார், நான் தஞ்சாவூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில்தான் வேலை பார்க்கிறேன். அதனால் எங்கள் தொழிலையே கொஞ்சம் போட்டுக்கொடுக்கிறேன், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 31ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. சொந்த உபயோக வண்டி ஓட்டப் பழகுகிறவருக்கு 21 நாளுக்குக் குறையாமல் பயிற்சி தர வேண்டும், அதில் கையில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டுகிற நேரம் மட்டும் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. லாரி, பஸ் என்றால் 30 நாள், 15 மணி நேரம். யார் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று படிவம் 15இல் எழுதி வைக்க வேண்டும். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடப்பது என்ன? ஒரு காரில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கிளம்புவோம், ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு இருபது நிமிஷம், அதில் ஐந்து நிமிஷம் சீட்டை முன்னே பின்னே தள்ளுவதிலேயே போய்விடும். பத்து நாள் வந்தால் மொத்தமாகக் கூட்டினாலும் மூன்று மணி நேரம் தேறாது. அந்த மூன்று மணி நேரமும் புறவழிச் சாலையில் காலை ஆறு மணிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம்.

ஏன் இப்படி என்றால், உள்ளே வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்பது "எத்தனை நாளில் கைக்கு லைசென்ஸ் வரும்" என்பதைத்தான். ஐநூறு ரூபாய் குறைத்துச் சொல்கிற இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். 21 நாள் வரச் சொன்னால் "பணம் புடுங்கறீங்களா" என்பார்கள். நாங்கள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை, வியாபாரம் அந்த வழியில் போய்விட்டது, அவ்வளவுதான்.

டெஸ்டும் அப்படியே. பைக்குக்கு எட்டு. காலை ஊன்றாமல், மெதுவாக, இரண்டு வட்டம். அது பேலன்ஸ் பார்க்கிற சோதனை. ரோட்டில் சாகிற பையன் யாரும் பேலன்ஸ் தெரியாமல் சாகவில்லை சார். எதிரே வருகிற வண்டியின் வேகத்தைத் தப்பாகக் கணித்து ஓவர்டேக் எடுத்தவன், கிளை ரோட்டிலிருந்து பார்க்காமல் ஏறியவன், தூக்கத்தில் ஓட்டியவன், குடித்தவன், இவர்கள்தான். இதில் ஒன்றையும் எட்டு சோதிக்காது.

இருந்தாலும் கேட்டால் கிடைக்கும். என் யோசனை: "லைசென்ஸுக்கு எவ்வளவு" என்று கேட்காமல் "ஒரு மணி நேரம் ஓட்ட எவ்வளவு" என்று கேளுங்கள். பையன் மட்டும் தனியாக வண்டியில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் இரண்டு மூன்று வகுப்பு, மழை பெய்கிற நாளில் ஒன்று, கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் சுற்று வட்டாரத்தில் ஒன்று என்று பேசி வாங்குங்கள். வண்டியில் இன்ஸ்ட்ரக்டர் பக்கமும் பிரேக், கிளட்ச் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், அது இருந்தே ஆக வேண்டும். 2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் என்று ஒரு புது ஏற்பாடு வந்தது, அதில் காருக்கு 29 மணி நேரம், 8 மணி பாடம், 21 மணி ஓட்டம், சிமுலேட்டர் எல்லாம் உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் யோசிக்காமல் அங்கே சேர்த்துவிடலாம்.

இன்னொன்று. எல்.எல்.ஆர் போட்டு 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம், ஆனால் எல்.எல்.ஆர் ஆறு மாதம் செல்லும். எல்லாரும் 31ஆவது நாளே ஓடுகிறார்கள். ஆறு மாதத்தையும் பயன்படுத்துங்கள். அதோடு, பிறந்த நாளுக்கு முன்னால் சாவியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். பதினெட்டு முடியாத பிள்ளை ஓட்டி ஏதாவது ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றவருக்கு 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடையாது.

---

பழைய ஸ்டியரிங்

தம்பி, நான் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று இந்தப் பக்கத்து ரோடு எல்லாம் ஓட்டியிருக்கிறேன். மேலே இன்ஸ்ட்ரக்டர் தம்பி சட்டம் சொல்லிவிட்டார். நான் ரோடு சொல்கிறேன்.

முதலில் ஒரு காசு செலவில்லாத வழி. பையன் இப்போது பஸ்ஸில்தானே போகிறான்? முன் படிக்கட்டுக்கு நேரே உள்ள சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். போனைப் பையில் போட்டுவிட்டு ரோட்டைப் பார்க்கட்டும். டிரைவர் எங்கே காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கிறார், ஏன் எடுத்தார், அவர் எதைப் பார்த்தார் என்று கண்டுபிடிக்கட்டும். பத்து நாள் பார்த்தால் போதும், பிரேக் அடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே வேலை தொடங்கிவிடுகிறது என்பது புரிந்துவிடும். அப்புறம் பைக் பழகும்போது நீங்கள் பின்னால் உட்கார்ந்து, அவன் பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "முன்னால் சைக்கிள், திரும்பலாம். இடது பக்கம் சந்து. மினி பஸ் நிற்கிறது, ஆள் இறங்கும்." வாய் ஓய்ந்துவிட்டது என்றால் கண்ணும் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பஸ் பற்றி. ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போது இடது பக்கச் சந்தில் பைக்கை நுழைக்கிற பழக்கம் இந்த ஊர்ப் பையன்கள் எல்லாருக்கும் இருக்கிறது. படியில் இறங்குகிற பாட்டிக்கும் அவனுக்கும் ஒரு கை அகலம் கிடையாது. பஸ் நகரத் தொடங்கினால் எனக்கு அந்த இடதுபக்கத் தரை ஓரம் தெரியவே தெரியாது, கண்ணாடியில் தலை தெரிந்தால்தான் ஆள் இருப்பது தெரியும். நிற்கிற பஸ்ஸை வலது பக்கமாகத் தாண்டும்போதும், பஸ் மூக்குக்கு முன்னாலிருந்து ஒரு ஸ்கூல் பிள்ளை ஓடி வரும் என்றே நினைத்துக்கொண்டு தாண்ட வேண்டும்.

இப்போது ராத்திரி. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், நம் பக்கத்தில் ஆளை அடிப்பதே இதுதான். 60இல் போகிற வண்டி ஒரு செகண்டில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ஒன்றைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்குக்குப் போக ஒன்று, ஒன்றரை செகண்ட். அதிலேயே 25 மீட்டர் காலி. அப்புறம் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு இருபது மீட்டர், அதுவும் ரோடு காய்ந்திருந்தால். டிம் லைட்டில் தெளிவாகத் தெரிகிற தூரமே சுமாராக அவ்வளவுதான். அதாவது வெள்ளைச் சட்டை போட்ட மனிதனைப் பார்த்தாலே மட்டுமட்டு. கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடின நெல் குவியலுக்குச் சுற்றிலும் கருங்கல் வைத்திருப்பார்களே, அதைப் பார்க்கும்போது நீங்கள் அதன் மேலே இருப்பீர்கள். குவியல் ஓரத்தில் சிதறின நெல் இருக்கிறது பாருங்கள், அது தனி. டயருக்கு அடியில் மணி மணியாக உருளும், அதில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. நெல்லைப் பார்த்தால் ஆக்சிலேட்டரை விட்டு நேராகப் போக வேண்டும், பிரேக்கும் திருப்பமும் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். அதனால் அறுப்புக் காலத்தில் இருட்டினால் 40க்கு மேல் வேண்டாம், அவ்வளவுதான் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்காகும் என்பதையும் அவனுக்குச் சொல்லிவையுங்கள், காலேஜ் பையன், கணக்கு புரியும்.

எதிரே வருகிறவன் பிரைட்டைக் குறைக்காமல் வந்தால் பதிலுக்கு நாமும் பிரைட் போட்டுச் சண்டைக்குப் போகக் கூடாது. கண்ணை இடதுபக்க ரோட்டு ஓரத்துக்குக் கொண்டுபோய், வேகத்தைக் குறைத்து அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அவன் தாண்டின பிறகும் இரண்டு செகண்ட் கண் தெரியாது, அந்த இரண்டு செகண்டில்தான் டெயில் லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லர் நிற்கும்.

நடவுக் காலத்தில் கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டுகிற இரும்புச் சக்கரம்) போட்ட டிராக்டர் வயலிலிருந்து ஏறின இடத்தில் சேறு கட்டி கட்டியாகக் கிடக்கும், தூறல் விழுந்தால் எண்ணெய் கொட்டின மாதிரி. அறுப்பு முடிந்தால் வாத்து மேய்க்கிறவர்கள் வருவார்கள், ஒரு வாத்து தாண்டினால் பின்னால் ஐநூறு வாத்து தாண்டும், இடையில் புகுந்து போகலாம் என்று பார்க்கக் கூடாது. ஆவணி மாதம் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் விடியற்காலையில் ரோட்டு ஓரம் கும்பல் கும்பலாகப் போவார்கள். ஆற்றங்கரை வளைவில் ஹாரன் அடித்துவிட்டால் எதிரே வருகிறவன் நின்றுவிடுவான் என்று நம் பிள்ளைகளுக்கு ஒரு எண்ணம். அவனும் அதே எண்ணத்தில் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வருகிறான்.

---

வெண்ணாறு விவசாயி

எல்லாம் சரி. ஆனால் பயிற்சி, பயிற்சி என்று பேசிப் பேசியே ரோடு போட்டவன் தப்பித்துக்கொள்கிறான். மதகுக்குக் கைப்பிடிச் சுவர் இடிந்து எத்தனை இடத்தில் அப்படியே கிடக்கிறது. ஸ்பீடு பிரேக்கரைப் போட்டால் வெள்ளை அடிப்பதில்லை. வளைவில் நாணல் ஆள் உயரம் நிற்கிறது, வெட்டுவார் இல்லை. இங்கே லண்டனில் பயிற்சி எடுத்தவனைக் கொண்டுவந்து விட்டாலும் வாய்க்காலில்தான் விழுவான்.

நெல் காயப்போடுவதைப் பற்றி எல்லாரும் எங்களைத் திட்டுகிறீர்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், எப்போதாவது மழைக் காலத்தில் தளர்த்தினால் உண்டு. மெஷின் வைத்து அறுத்த நெல் ஒரே நாளில் மலையாகக் குவிந்துவிடுகிறது, அந்தக் காலத்து மாதிரி கட்டுக் கட்டாகக் களத்துக்கு வந்து அடிக்கிற நெல் இல்லை இது. ஊருக்கு ஒரு களம் இருந்தாலும் யாருக்கு முதலில் கொடுப்பது? மழை வருகிறது என்றால் கையில் கிடைத்த தார் ரோட்டில்தான் கொட்டுவோம். களம் கட்டிக் கொடுங்கள், ரோட்டுக்கு வர மாட்டோம்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், ராத்திரியில் கல்லை அடுக்கிவிட்டுப் போவது அநியாயம். எங்கள் ஊரில் இப்போது கல்லுக்குப் பதிலாக மணல் மூட்டை வைக்கச் சொல்லி, ஒரு ஓரம் மட்டும்தான் காயப்போடலாம், வளைவில் கூடாது என்று பேசி முடித்திருக்கிறோம். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

---

தேம்ஸ் கரை மன்னை

பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் வந்தேன் :) மன்னார்குடிக்காரன், இப்போது லண்டனில். வாய்க்காலில் விழுவேனா என்று தெரியாது, ஊருக்கு வந்தால் முதல் இரண்டு நாள் நான் ஓட்டுவதில்லை.

இங்கே நடக்கிறதைச் சொல்கிறேன், அப்படியே காப்பியடிக்க அல்ல. தியரி டெஸ்டில் கேள்வி பதிலோடு 2002 நவம்பரிலிருந்து இன்னொரு பகுதி சேர்த்தார்கள். ரோட்டில் போகிற வண்டியிலிருந்து எடுத்த மாதிரி வீடியோ ஓடும், ஆபத்து உருவாகத் தொடங்குகிற நேரத்தில் பட்டனை அழுத்த வேண்டும். சீக்கிரம் கவனித்தால் அதிக மார்க், லேட் ஆனால் பூஜ்யம். பெரியவர் மேலே சொன்ன முன் சீட் வித்தை இதேதான், அவர் கம்ப்யூட்டர் இல்லாமல் சொல்லிவிட்டார். ஓட்டுகிற டெஸ்ட் முழுக்க நிஜ ரோட்டில், சுமார் நாற்பது நிமிஷம், அதில் பாதி நேரம் வழி சொல்லிக்கொண்டே இருக்க மாட்டார்கள், போர்டையோ மேப்பையோ பார்த்து நாமே போக வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பயிற்சி என்றாலே நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். நார்வேயில் வழுக்குகிற ரோட்டில் வண்டியை எப்படிச் சமாளிப்பது என்று புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், இளம் ஆண்களிடம் அந்த மாதிரி விபத்து குறைவதற்குப் பதில் கூடியது. எனக்குத்தான் சமாளிக்கத் தெரியுமே என்று வேகமாகப் போனார்கள். லைசென்ஸ் வாங்கினவர்களைத் திரும்பக் கூப்பிட்டு வகுப்பு எடுப்பதால் விபத்து குறைகிறதா என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கும் பெரிய பலன் எதுவும் தென்படவில்லை. ஸ்வீடனில் பலன் கிடைத்தது, அது வேறு வழி: 1993இல் பழகுகிற வயதை 16 ஆகக் குறைத்தார்கள், லைசென்ஸ் வயது மாறவில்லை, 18தான். அதாவது அம்மா அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டலாம். அப்படி நிறைய நேரம் ஓட்டினவர்களுக்கு முதல் வருஷங்களில் விபத்து குறைந்தது.

அதனால் வீலிங், ட்ரிஃப்ட், "அட்வான்ஸ்டு ரைடிங்" என்று விளம்பரம் பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு பெரியவர், நிறைய நேரம், பல வகை ரோடு. வயலுக்குப் போகிற அப்பாவுக்கு நேரம் எங்கே என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

---

ஸ்கூட்டி அக்கா, பாபநாசம்

பைக் ஓட்டத் தெரியாத பையன் எங்கே என்று சிரித்தாராமே, பொண்ணுங்களைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் முப்பது வயதுக்கு மேல் ஸ்கூட்டி பழகினேன். எந்த ஸ்கூலிலும் ரோட்டில் சொல்லித் தர ஆள் இல்லை. ஹை ஸ்கூல் மைதானத்தில் தம்பி பின்னால் ஓடி வந்து பழக்கிவிட்டான், மறுநாள் நேரே தஞ்சாவூர் மெயின் ரோடு. யாருமே சொல்லித் தராத விஷயம் வலது பக்கம் திரும்புவது. இண்டிகேட்டர் போட்டுவிட்டால் வழி விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். கண்ணாடியில் தெரியாத ஒரு மூலை இருக்கிறது, தோளைத் திருப்பி ஒரு பார்வை பார்த்த பிறகுதான் திரும்ப வேண்டும் என்பதை யூடியூபில்தான் கற்றுக்கொண்டேன். அண்ணா, உங்கள் பையனுக்கு இது கட்டாயம். பின்னால் அவன் அம்மா உட்காரும்போது முந்தானையை மடியில் செருகிக்கொள்ளச் சொல்வதும் ஓட்டுகிறவன் வேலை, சாரி கார்டைக் கழற்றிவிட்டு "கெத்து" பார்க்கிற வண்டி வேண்டாம்.

---

நைட் டியூட்டி நர்ஸ்

அரசு மருத்துவமனையில் விபத்துப் பிரிவில் இருக்கிறேன். ரோடு, பயிற்சி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. வந்து சேருகிறவர்களைப் பற்றித் தெரியும்.

மத்திய அமைச்சகத்தின் 2022 அறிக்கையில் நம் மாநிலத்தில் மட்டும் 64,105 விபத்து, நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884. நாடு முழுவதும் இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் டூ வீலரில் போனவர்கள். எங்கள் வார்டுக்குள் வந்து பார்த்தால் அந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியும்.

ஹெல்மெட் வாங்குகிற எல்லாரும் பட்டை போடுவதில்லை. தலையில் வைத்திருப்பார்கள், கீழே விழும்போது ஹெல்மெட் முதலில் பறந்துவிடும், தலை பின்னால் போய் அடிபடும். தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழைகிற அளவுக்குப் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும், போட்டபிறகு ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் தோல் சேர்ந்து அசைய வேண்டும். ஐ.எஸ்.ஐ முத்திரையோடு 4151 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள், ரோட்டு ஓரம் குடைக்கு அடியில் தொங்குகிற முந்நூறு ரூபாய்த் தொப்பியை வாங்காதீர்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று. ஒரு முறை நன்றாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது.

பையனுக்கு ஓட்டச் சொல்லித் தரும்போதே விபத்தைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லித் தாருங்கள். அடிபட்டவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்கிறார்கள், கழுத்து எலும்பு அதில்தான் போகிறது. மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைப் பிடுங்க வேண்டாம், 108ஐக் கூப்பிட்டுவிட்டு ரத்தம் வருகிற இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். போலீஸ் கேஸ் என்று பயப்பட வேண்டியதில்லை, உதவி செய்கிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது, பெயர்கூடச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. காசு பற்றியும் யோசிக்க வேண்டாம், 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும்.

---

தஞ்சை இன்ஸ்ட்ரக்டர்

விவசாயி அண்ணே, ரோடு பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவே இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத மதகை எந்தப் பயிற்சியும் கட்டாது. ஆனால் அந்தச் சுவர் என்றைக்கு வரும் என்று தெரியாது, அவர் பையனுக்கு அடுத்த மாதம் பதினெட்டு.

பயிற்சி வேண்டியது பைக் பையனுக்கு மட்டுமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீசனுக்கு நெல் ஏற்றுகிற டிராக்டரை ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் எங்காவது முறையாகக் கற்றிருக்கிறார்கள்? மாமா ஓட்டினதைப் பார்த்து மருமகன் ஓட்டுகிறார். டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்ட நூறு, இருநூறு ரூபாய்தான் ஆகும். வைக்கோல் ஏற்றினால் அந்த ஸ்டிக்கரும் மூடிப்போகும், அப்போது கட்டின கயிற்றிலாவது ஒன்றைத் தொங்கவிட வேண்டும். இதைச் சங்கக் கூட்டத்தில் நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் வந்து சொன்னால் "ஸ்கூலுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கான்" என்பார்கள்.

---

வெண்ணாறு விவசாயி

ஆள் பிடிக்கத்தானே வருவீர்கள் :) சரி, ஸ்டிக்கர் விஷயத்தை இந்த அறுப்புக்கு முன்னால் பேசிப் பார்க்கிறேன். மெஷின்காரர்கள் பாதிப் பேர் வெளியூர், வெளி மாநிலம். அவர்களிடம் வாடகை பேசும்போதே சொன்னால்தான் உண்டு.

---

அரசலாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. முழுவதையும் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். முன் சீட் யோசனைக்கு "அதெல்லாம் பழைய காலம்" என்றான். அப்புறம் நேற்று அவனே வந்து, செம்மங்குடி வளைவுக்கு முன்னாலேயே டிரைவர் ஏன் வேகத்தைக் குறைக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னான், எதிர்ப்பக்கம் மரத்தில் விழுகிற லைட் வெளிச்சத்தைப் பார்க்கிறாராம். எனக்கே இது தெரியாது.

முடிவு இப்படி எடுத்திருக்கிறோம். எல்.எல்.ஆர் பதினெட்டு முடிந்ததும், டெஸ்ட் அதற்கு நாலைந்து மாதம் கழித்து. அதுவரை காலேஜுக்குப் பஸ்தான், வண்டி என்னோடு சாயங்காலம் மட்டும். ஸ்கூலில் திரும்பப் போய் மணிக் கணக்கில் பேசினேன், முதலில் முகத்தைச் சுளித்தார், அப்புறம் தனி ஆளாகக் கார் வகுப்புக்கு ஒத்துக்கொண்டார், இருட்டு நேர வகுப்புக்கு மட்டும் கூட ஐநூறு கேட்டார். கொடுத்துவிட்டேன். வீட்டம்மா ஒரே ஒரு நிபந்தனை, தை மாதம் முடிகிறவரை ராத்திரியில் தனியாகக் கிடையாது. அதற்கும் பையன் தலையாட்டியிருக்கிறான், பார்ப்போம்.

ஒரு சின்னச் சந்தேகம். பைக்குக்கும் எல் போர்டு வேண்டுமா? அவன் சித்தப்பா பின்னால் உட்காரலாமா, அவரிடம் கார் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கிறது.

---

தஞ்சை இன்ஸ்ட்ரக்டர்

வேண்டும் சார். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல், 18 சென்டிமீட்டர் சதுரம், முன்னாலும் பின்னாலும். நம்பர் பிளேட் ஒட்டுகிற கடையிலேயே வெட்டித் தருவார்கள். எல்.எல்.ஆரில் ஓட்டும்போது பின்னால் உட்காரலாம் என்றால் சொல்லித் தருகிறவர் மட்டும்தான், அவருக்குப் பைக் லைசென்ஸ் இருக்க வேண்டும், அதனால் சித்தப்பா வேண்டாம், நீங்களே உட்காருங்கள். நண்பனை ஏற்றிக்கொண்டு போகவும் கூடாது. பையன் கேட்க மாட்டான் என்று தெரியும், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.